யந்திரத்தின் சாட்சியம்: ‘மிஸ்டர் பேற்ஸ் எதிர் தபாலகம்’ – ஒரு நோக்கு

கலைப்படைப்பொன்று சட்டமன்றத்தை அசைத்தது என்னும் கூற்றை ஐயத்துடன் நோக்குவதே திறனாய்வாளர் வழக்கம். நூலொன்றினால் அல்லது நாடகமொன்றினால் விளைந்ததாகப் பேசப்படும் மாற்றத்தின் பின்னணியிலே நீண்டகால இயக்கமொன்றும் பொருளாதாரக் காரணங்களும் தொழிற்பட்டிருப்பதைக் காட்டுவது கடினமன்று. எனினும், 2024 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் நான்கு இரவுகள் பிரித்தானியாவின் ஐ.ரி.வி. ஒளிபரப்பிய ‘மிஸ்டர் பேற்ஸ் எதிர் தபாலகம்’ என்னும் தொலைக்காட்சி நாடகத்தைப் பொறுத்தவரை நாட்காட்டியே சான்று பகர்கின்றது. நான்காந் திகதி நாடகம் நிறைவுற்றது. ஒன்பதாந் திகதி, தபாலகத்தின் முன்னாள் தலைமை நிறைவேற்று அதிகாரி பவுலா வெனல்ஸ் தமக்கு வழங்கப்பட்டிருந்த அரச விருதைத் திருப்பிக் கையளிப்பதாக அறிவித்தார். அதைக் கோரிய மனுவிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டிருந்தனர். மறுநாள் பிரதமர் ரிஷி சுனக், தவறாகத் தண்டிக்கப்பட்டோரின் தீர்ப்புக்களைச் சட்டமொன்றின் மூலமே நீக்குவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அச்சட்டம் அதே ஆண்டு மே 24 இல் அரச ஒப்புதல் பெற்றது. ‘கொம்பியூட்டர் வீக்லி’ சஞ்சிகை 2009 முதல் எழுதிவந்த கட்டுரைகளும், 2019, 2021 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த நீதிமன்றத் தீர்ப்புக்களும் சாதிக்க முடியாத வேகத்தை நான்கு இரவுகள் சாதித்தன.

இவ்வெற்றியை மறுப்பதற்கில்லை. ஆனால் வெற்றியே ஒரு படைப்பின் இறுதி மதிப்பீடாகிவிடாது. பார்வையாளரைக் கண்ணீர் சிந்தவும் கொதித்தெழவும் வைத்த அதே நாடக வடிவம், அந்தக் கொடுமையின் மூலகாரணத்தைப் பார்வையினின்றும் மறைத்துவிட்டதா என்னும் வினா எழுப்பப்படவேண்டியதாகும்.

உப தபாலதிபர் என்னும் பெயர் இலங்கை வாசகருக்குப் புதியதன்று. கிராமத்து உப தபாற் கந்தோர் இங்கும் பிரித்தானியர் ஆட்சியில் வேரூன்றிய நிறுவனமே. பிரித்தானியாவிலோ அவர் பெரும்பாலும் தமது சேமிப்பையெல்லாம் இட்டுக் கடையொன்றை வாங்கி, அதன் ஒரு பகுதியிலே ஒப்பந்த அடிப்படையில் தபாலகத்தின் முகவராக இயங்குபவர். முத்திரை விற்பதும் ஓய்வூதியம் வழங்குவதும் அவர் பணி. அலட்சியத்தாலோ பிழையாலோ நேரும் இழப்பை அவரே ஈடுசெய்தல் வேண்டுமென ஒப்பந்தம் கூறிற்று. நடைமுறையில் எந்த இழப்பாயினும் அவர் தலையிலேயே சுமத்தப்பட்டது. 1999, 2000 ஆம் ஆண்டுகளில் இக்கிளைகள் எங்கும் ‘ஹொரைசன்’ என்னும் கணினிக் கணக்குமுறை புகுத்தப்பட்டது. அதை வழங்கியது புஜிட்சு நிறுவனம். அதன்பின் கிளைகளின் கணக்குகளிலே விளக்கமுடியாத பற்றாக்குறைகள் தோன்றலாயின. கணினி குறைவு காட்டினால் பணம் களவு போயிருக்கவேண்டும். களவு போயிற்றாயின் கள்வர் தபாலதிபரே. இந்தத் தருக்கத்தின் வழியே 900 க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 700 பேர் மீது வழக்குத் தொடுத்தது தபாலகமே. பணத்தை இழந்ததாக முறையிட்டவரும், புலனாய்வு செய்தவரும், வழக்குத் தொடுத்தவரும் ஒருவரேயாகிய விந்தை அது. குறைந்தது 13 பேர் இதன் விளைவாகத் தம் உயிரை மாய்த்திருக்கக்கூடும் என்று, சேர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணையின் முதலாவது அறிக்கை 2025 ஜூலையிற் குறிப்பிட்டது.

இத்துணைப் பரந்த துயரை நான்கு பகுதிகளுள் அடக்குவதற்குக் கதாசிரியை குவினத் ஹியூஸ் கையாண்ட முறை பாராட்டத்தக்கது. அவர் நீதிமன்றத்திலே கதையைத் தொடங்கவில்லை, கடையிலே தொடங்குகிறார். ஹம்ஷயர்க் கிராமமொன்றிலே கடை நடத்தும் ஜோ ஹமில்ரன் இரவிலே கணக்கை முடிக்கத் திணறுகிறார். திரையில் இரண்டாயிரம் பவுண் குறைவு. உதவிக்கான தொலைபேசி இலக்கத்தை அழைக்கிறார். மறுமுனையிலிருப்பவர் சொல்லியபடி விசைகளை அழுத்துகிறார். அவர் கண்முன்னே குறைவு இரட்டிக்கிறது. உரத்த இசையோ நீண்ட வசனமோ இன்றி, எண்ணொன்று மாறுவதை மட்டுமே கொண்டு அச்சத்தை உண்டாக்கும் இக்காட்சி, தொலைக்காட்சி நாடகமென்றாலே முகஞ்சுளிப்போரையும் மறுபரிசீலனை செய்யத் தூண்டும். ஜோ ஹமில்ரனாக நடித்த மொனிக்கா டோலனின் முகத்திலே தெரிவது கோபமன்று, வெட்கம். தன்மீதே ஐயங்கொள்ளும் ஒருவரின் வெட்கம் அது. “உங்களுக்கு மட்டுந்தான் இப்படி நேர்ந்திருக்கிறது” என்னும் பொருள்பட ஒவ்வொரு தபாலதிபருக்கும் சொல்லப்பட்ட மறுமொழி நாடகம் முழுவதும் எதிரொலித்துக்கொண்டிருக்கிறது. தனித்தனியே பிரித்து வைக்கப்பட்டவர்கள், 2009 இல் ஃபென்னி கொம்ரன் என்னும் சிற்றூரின் மண்டபத்திலே முதன்முதலாக ஒன்றுகூடி ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் காட்சி இப்படைப்பின் உச்சம் எனலாம். தனிமனிதத் துயர் கூட்டு அனுபவமாக மாறும் கணத்தை இவ்வளவு இயல்பாகக் காட்டிய படைப்புக்கள் பலவல்ல.

லீ காசில்ரனின் கதை இன்னொரு வகையில் முக்கியமானது. பிரிட்லிங்ரன் என்னும் கரையோர ஊரிலே தபாலகம் நடத்திய இவர், பற்றாக்குறை தோன்றத் தொடங்கியதும் உதவி இலக்கத்தைத் தொண்ணூறு தடவைக்கு மேல் அழைத்தவர். தபாலகம் அவர்மீது ஏறத்தாழ 25,000 பவுண் கேட்டுக் குடியியல் வழக்குத் தொடுத்தது. சட்டத்தரணியை அமர்த்த வசதியற்ற நிலையிலே அவர் தாமே வாதிட்டார். 2007 ஜனவரியில் வழக்குத் தோற்றது. அவர் செலுத்தவேண்டிய வழக்குச் செலவு மட்டும் 3,21,000 பவுண். அவர் வங்குரோத்து ஆனார். கோரப்பட்ட கடனைப்போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேற்பட்ட தொகையைச் செலவிட்டு ஒரு சிறு கடைக்காரரை வீழ்த்தவேண்டிய அவசியம் ஏன் எழுந்தது? ஹொரைசன் பிழைவிடக்கூடும் என்று ஒரேயொரு நீதிமன்றமேனும் ஏற்றுக்கொண்டால் ஏனைய வழக்குகளும் சரிந்துவிடும் என்னும் அச்சத்தை இதற்கு விடையாகப் பார்வையாளர் உய்த்துணரலாம்.

இந்த இடத்திலேதான் நாடகம் ஒரு படி மேலே சென்றிருக்கக்கூடும், செல்லவில்லை. காசில்ரன் தோற்றது எதிராளி பொய் கூறியதால் மட்டுமா? நீதிபதி அவரை நம்பாததால் மட்டுமா? நாடகம் தரும் விடை ஏறக்குறைய அதுவே. ரொபி ஜோன்ஸ் நடிக்கும் அலன் பேற்ஸ், வேல்ஸ் மலைச்சாரலிலே அமைதியாக வாழும், விட்டுக்கொடுக்காத எளிய மனிதர். எதிர்ப்புறத்திலே உயர் அலுவலகங்களில் இருக்கும் வெனல்ஸ் போன்றோர். நல்லவர் எதிர் வல்லவர் என்னும் இப்பிரிவு மேலைத்தேய மக்கள் நாடக மரபிலே நெடுங்காலமாகப் பயின்றுவருவது. தலைப்பிலேயே அது பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்த வடிவத்தில் தீமை மனிதரிடமே குடிகொள்ளும். அவர்கள் நீக்கப்பட்டதும் கதை முடிந்துவிடும். ஆனால் ஹொரைசன் வழக்குகளிலே அரங்கிலேறாத பாத்திரமொன்று தொடக்கம் முதல் இறுதிவரை இருந்தது. அது சட்டவிதி ஒன்று.

1984 ஆம் ஆண்டின் பொலிசும் குற்றவியற் சான்றும் சட்டத்தின் 69 ஆம் பிரிவு, கணினி தந்த ஆவணமொன்றைச் சான்றாக முன்வைப்பவர் அக்கணினி முறையாகத் தொழிற்பட்டது என்பதைக் காட்டவேண்டுமென விதித்திருந்தது. இது வீண் சுமை என்று சட்ட ஆணைக்குழு 1997 இற் கருதியது. கணினிப் பிழைகளிற் பெரும்பாலானவை உடனே புலப்படுவன, அன்றேல் தரவை இடுவோரின் தவறால் நேர்வன என்பது அதன் எண்ணம். 1999 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் அப்பிரிவு நீக்கப்பட்டது. நீக்கம் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் எஞ்சியது, யந்திரம் முறையாக இயங்கியது என்று மாறாகக் காட்டப்படும்வரை கொள்ளவேண்டும் என்னும் பழைய பொதுச் சட்ட அனுமானமே. மணிக்கூட்டுக்கும் வீதிச் சமிக்ஞை விளக்குக்கும் பொருத்தமாயிருந்த அனுமானம் அது. ஹொரைசன் நாடெங்கும் நிறுவப்பட்ட அதே மாதங்களிலே இம்மாற்றம் நிகழ்ந்தமை மனங்கொள்ளத்தக்கது. ஆயிரக்கணக்கான கிளைகளைத் தொலைத்தொடர்பு வழியே இணைத்த ஒரு பெருமுறையும் மணிக்கூடும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன.

சட்ட ஆணைக்குழுவின் எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஸ்கொத்லாந்துக் கிளையொன்றின் பெயரால் ‘டல்மெலிங்ரன் பிழை’ என அறியப்படும் கோளாறு 2015 இற் கவனத்துக்கு வந்தது. பணப்பொதியொன்றைப் பதிவுசெய்யும்போது திரை உறைந்து நின்றது. ஊழியர் அதே விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். திரையிலே எதுவும் நிகழவில்லை. ஆனால் அழுத்திய ஒவ்வொரு தடவையும் அதே பொதி வந்து சேர்ந்ததாகக் கணக்கில் ஏறியது. ஒரு தடவை வந்த 8,000 பவுண் நான்கு தடவை வந்ததாயிற்று. வராத 24,000 பவுணுக்குக் கிளை பொறுப்பாயிற்று. இப்பிழை உடனே புலப்படவுமில்லை. அதைத் தரவு இட்டவரின் தவறென்பதும் பொருந்தாது. இத்தகைய கோளாறுகளைக் குறித்துவைத்த ‘அறியப்பட்ட பிழைகளின் பதிவேடு’ ஒன்று புஜிட்சுவிடம் இருந்தது. அது தபாலதிபர்களின் சட்டத்தரணிகள் கைக்கு வந்தது 555 பேர் இணைந்து தொடுத்த குழு வழக்கின்போதே. அவ்வழக்கிலே நீதிபதி பிரேசர், 2019 டிசம்பரில், ஹொரைசன் பிழைகள் மலிந்தது என்றும் கிளைக் கணக்குகளைத் தொலைவிலிருந்து புஜிட்சு ஊழியர் மாற்றக்கூடியதாயிருந்தது என்றும் கண்டார். மைக்கல் ருட்கின் என்பவர் 2008 இல் பிராக்னெல் நகரிலுள்ள புஜிட்சு அலுவலகத்துக்குச் சென்று இத்தகைய தொலைவுத் தலையீட்டை நேரிலே கண்டதை நாடகம் காட்டுகிறது. ஆனால் அதை ஒரு மர்மக் கதையின் திருப்பமாகவே காட்டுகிறது. அடிப்படையான சான்றுப் பிரச்சினையாக அது விரிவதில்லை.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்திலே சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நினைவுக்கு வராதிருக்க முடியாது. பொற்கொல்லனின் சொல்லை ஆராயாது நம்பிய மன்னன் கோவலனைக் கொல்விக்கிறான். அந்த அளவில் பாண்டியன் அவையும் பிரித்தானிய நீதிமன்றங்களும் ஒன்றே. ஆனால் கண்ணகிக்கு ஒரு வாய்ப்பிருந்தது. சிலம்பு அவையிலே கொண்டுவந்து வைக்கப்பட்டது. அதை உடைத்து உள்ளிருக்கும் பரல் மாணிக்கமா முத்தா என்று எல்லோரும் காணச் செய்ய அவளால் முடிந்தது. அவளது கற்பின் பெருமை பற்றி எழுதப்பட்டவை அதிகம். அவள் வழக்கை வென்றது சான்றுப்பொருளைத் திறந்துகாட்டியதனால் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. காசில்ரனின் சிலம்பு பிராக்னெலிலே பூட்டிக்கிடந்தது. அதை உடைக்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. உடைத்துக் காட்டவேண்டிய பொறுப்பு மட்டும் இருந்தது.

நாடகம் விட்டுவிட்ட இன்னொன்றும் உண்டு. பாதிக்கப்பட்டோருள் தெற்காசிய வம்சாவளியினர் பலர். வெஸ்ற் பைஃப்ளீற் என்னுமிடத்திலே தபாலகம் நடத்திய சீமா மிஸ்ரா 2010 இற் கர்ப்பிணியாயிருந்தபோது பதினைந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார். தண்டனை விதிக்கப்பட்ட நாள் அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள். கணினியே தவறு செய்தது என்று அவர் தரப்பிலே நீதிமன்றத்தில் வாதிக்கப்பட்டது. அவ்விசாரணைக்குச் சில நாள் முன்னரே ஹொரைசனின் பிழையொன்று பற்றிய குறிப்பு புஜிட்சுவிலும் தபாலகத்திலும் உலவியது. எதிர்த்தரப்புக்கு அது காட்டப்படவில்லை. இவ்வழக்கு நாடகத்தின் மையத்துக்கு வரவில்லை. சந்தேக நபர்களை இன அடிப்படையில், காலங்கடந்த இழிசொற்களையும் கொண்டு வகைப்படுத்திய தபாலகத்தின் உள்ளக ஆவணமொன்று 2023 இல் வெளியானது; அதுவும் நாடகத்திற்குள் வரவில்லை. இந்தியப் பெயர் கொண்ட பாத்திரங்கள் உண்டெனினும், ஆங்கிலக் கிராமத்தின் கேக்கும் தேநீருமே நாடகத்தின் உணர்வுத் தளமாக அமைந்துள்ளன. பெரும்பான்மைப் பார்வையாளரின் பரிவைப் பெற அது உதவியது என்பது உண்மை. யந்திரம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கையோடு, வந்தேறிகள் பொய் சொல்லக்கூடும் என்னும் நம்பிக்கையும் கைகோத்து நின்றதை நாடகம் ஆராயாமற் போனமைக்கு அப்பரிவு ஈடாகாது.

மேற்கூறிய அனுமானம் நாடகத்தின் பின்னும் உயிரோடிருந்தது. நாடகம் ஒளிபரப்பாகி ஓராண்டுக்குப் பின்னரே, 2025 ஜனவரியில், கணினிச் சான்று பற்றிய விதியை மாற்றவேண்டுமா என்று பிரித்தானிய நீதி அமைச்சு கருத்துக் கோரியது. தண்டனைகள் சில மாதத்தில் நீங்கின. தண்டனைக்கு வழிவகுத்த விதியோ ஆலோசனை நிலையிலேயே இருந்தது. மக்களின் கோபம் மனிதரை நோக்கித் திருப்பப்பட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லை எனக் கூறவியலாது.

செயற்கை நுண்ணறிவின் வருகையால் இப்பிரச்சினை மேலும் சிக்கலடைகின்றது. ஹொரைசனிலே குறைந்தபட்சம் பிழைப் பதிவேடு ஒன்று இருந்தது. எந்த விசை எந்தக் கணக்கைக் கெடுத்தது என்று பின்னராவது காட்டமுடிந்தது. பெருந்தொகையான தரவுகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் முறையொன்று ஏன் இந்த விடையைத் தந்தது என்பதை அதை ஆக்கியவரே துல்லியமாகச் சொல்லுதல் அரிது. அதற்கு முன்னரே, அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே, குற்றவாளி மீண்டும் குற்றஞ்செய்யும் வாய்ப்பை எண்ணாக மதிப்பிடும் ‘கொம்பாஸ்’ என்னும் கருவியின் கணிப்புமுறை வணிக இரகசியமாக மறைக்கப்பட்டிருந்தும், எச்சரிக்கைகளுடன் அதைத் தண்டனை வழங்கும்போது கருத்திற் கொள்ளலாம் என்று 2016 இல் லூமிஸ் வழக்கிலே மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2023 இல் நியூயோர்க்கிலே சட்டத்தரணிகள் இருவர், ‘சற்ஜிபிரி’ கற்பனையாக உருவாக்கிய முன்தீர்ப்புக்களைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்திற் சமர்ப்பித்து 5,000 டொலர் தண்டம் பெற்றனர். பத்திரிகைகள் நகைத்தது இரண்டாவது நிகழ்ச்சியைக் கண்டே. அங்கே பொய் அகப்பட்டது; நூலகத்திலே தேடி, அத்தகைய தீர்ப்பு இல்லை என்று காணமுடிந்தது. தேடிப் பார்க்கவே வழியில்லாத முதலாவது நிகழ்ச்சியே உண்மையிற் கவலைக்குரியது.

இலங்கையின் சட்டமும் இப்பாதையிலே நடந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (சிறப்பேற்பாடுகள்) சட்டம் கணினிச் சான்றை ஏற்றுக்கொண்டது. ஆயின் நிபந்தனைகளோடு ஏற்றுக்கொண்டது. கணினி முறையாக இயங்கியமை காட்டப்படவேண்டும். சான்றை முன்வைப்பவர் விசாரணைக்கு 45 நாள் முன்னரே மறுதரப்புக்கு அறிவித்தல் வேண்டும். அறிவித்தல் பெற்றவர் அச்சான்றையும், அதைத் தந்த யந்திரத்தையும், அது தொடர்பான பதிவுகளையும் பார்வையிட அனுமதி கோரலாம். சிலம்பைத் திறந்துபார்க்கும் உரிமை சட்டப்பிரிவாக எழுதப்பட்டிருந்தது எனலாம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், வர்த்தகத்தை எளிதாக்கும் நோக்குடன், தன் எல்லைக்குட்பட்ட தரவுச் செய்திகளிலும் இலத்திரனியல் ஆவணங்களிலும் உள்ள தகவலை, மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, நீதிமன்றம் உண்மையென அனுமானிக்கவேண்டும் என்று 21 ஆம் பிரிவிலே கூறியது. அடுத்த பிரிவு, 1995 ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்கிறது. 45 நாள் அறிவித்தலும் யந்திரத்தைப் பார்வையிடும் உரிமையும் அந்த ஒரு வாக்கியத்தோடு அவ்வாவணங்களைப் பொறுத்தவரை அகன்றன.

இந்த இரு பிரிவுகளையும் வைத்து நாடகமொன்று எழுதுவது எளிதன்று. அவற்றுக்கு முகமில்லை, அவற்றை வெறுக்கும்படி பார்வையாளரைத் தூண்ட நடிகரில்லை. வங்கிக் கணக்கிலே, குத்தகைக் கொம்பனியின் தவணைப் பதிவிலே, மின்கட்டணப் பட்டியலிலே ஒரு பிழையான எண்ணைக் கண்டு, அது பிழையென்று காட்ட வழியறியாது கருமபீடத்தின் முன் நிற்கும் மனிதருக்கு மட்டும் முகமுண்டு. குவினத் ஹியூஸ் அந்த முகத்தை மிகத் துல்லியமாகக் கண்டார். அம்முகத்தின் எதிரே இருந்த திரைக்குப் பின்னே அவருடைய நாடகம் செல்லவில்லை.